மூன்று பெயரில் ஒரு பிராணி

காரைக்காலில் பிறந்து காரைக்குடியில் குடியேறியவன் நான். இரண்டு ஊருக்கும் முன்பாதி ஒன்றுதான். அதனால் எனக்கு வரவேண்டிய கடிதம் அங்கே போவதும், அங்கே இருக்கும் சொந்தக்காரருக்குப் போட்டது இங்கே வந்து நிற்பதும் பல தடவை நடந்திருக்கிறது. உத்தியோகமும் அப்படியே அமைந்தது. எழுத்தராக நான் புரட்டிய கோப்புகளில் பாதிக்குமேல் பெயர்க் குழப்பம்தான். ஆகவே, ஐம்பது கோடி வருஷத்துக்கு முந்திய ஒரு கடல் பிராணிக்கும் இதே கதி நேர்ந்தது என்று படித்தபோது, விஷயம் உடனே மனசில் ஒட்டிக்கொண்டது.

அதன் பெயர் அனோமலோகாரிஸ். கிரேக்கத்தில் 'விசித்திர இறால்' என்று பொருள். இறால், நண்டு, தேள், பூச்சி எல்லாம் சேர்ந்த கணுக்காலிக் கூட்டத்தின் பழைய பங்காளி. இதன் குடும்பம் மொத்தமும் பூண்டோடு அற்றுப்போய்விட்டது. உடம்பின் இருபுறமும் துடுப்பு வரிசை, தலைக்கு முன்னால் முள் வைத்த இரண்டு வளைந்த கைகள், காம்பின்மேல் இரண்டு பெரிய கண்கள், அடியில் வட்டமான வாய். நீளம் ஓர் அடிக்குச் சற்று மேல். பூ, இதென்ன பெரிசு என்று தோன்றும். அந்தக் காலத்துக் கடலில் மற்ற ஜீவன்கள் பெரும்பாலும் விரல் நீளம்கூட இல்லை. அங்கே இதுதான் புலி.

நம் பக்கத்தில் இதைத் தேட முடியாது. சிவகங்கைச் சீமையின் அடிப்பாறை பூமியின் சூட்டில் வெந்து உருமாறியது. அதில் படிவம் நிற்காது. அரியலூர்ப் பக்கம் கிடைக்கும் கல்நத்தைகள் ஏறக்குறைய பத்துக் கோடி வருஷத்துக்கு உட்பட்டவை. இதற்கு எள்ளுப்பேரன் முறை ஆகவேண்டும். இமயமலையில் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் இதே யுகத்து ட்ரைலோபைட்டுகள் கல்லில் கிடைக்கின்றன. ஆனால் அனோமலோகாரிஸின் கதை நடந்தது கனடாவின் ராக்கி மலையில்.

1892இல் ஜோசப் வைட்டீவ்ஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் மலைக் கல்லில் இருந்த ஒரு படிவத்தைப் பார்த்தார். வளைந்து, கணுக்கணுவாக, அடியில் முள்ளோடு இருந்தது. தலை மட்டும் இல்லை. தலையில்லாத இறால் என்று எழுதிப் பெயர் வைத்தார். 1909இல் அமெரிக்கரான சார்லஸ் வால்காட் பக்கத்திலேயே பர்ஜஸ் ஷேல் என்ற பெரிய படிவப் படுகையைக் கண்டார். 1911இல் அங்கிருந்து இரண்டு புதுப் பிராணிகளை எழுதினார். நடுவில் ஓட்டையோடு அன்னாசிப்பழ வில்லைபோல இருந்த வட்டத்துக்குப் பெய்டோயியா என்று பெயரிட்டு, சொறிமீன் இனம் என்றார். பையைப்போல நசுங்கிக் கிடந்த இன்னொன்று லகானியா. அது கடல் அட்டை.

ஆக, மூன்று கோப்பு, மூன்று பெயர். மூன்றையும் எழுதியவர்கள் படித்தவர்கள். அவரவர் கையிலிருந்த துண்டை ஒழுங்காகத்தான் விவரித்தார்கள். 1978இல் இன்னொரு அறிஞர், லகானியாவின் ஓரத்தில் பெய்டோயியா வட்டம் ஒட்டியிருப்பதைக் கவனித்தார். கவனித்தும், ஒரு கடற்பஞ்சின்மேல் சொறிமீன் ஒன்று தற்செயலாகப் படிந்துவிட்டது என்றே முடிவு எழுதினார். ஒரு தாளில் பெயர் ஏறிவிட்டால், கண்ணெதிரே இருப்பதும் அந்தப் பெயருக்குத் தகுந்தபடிதான் தெரியும்.

ஹாரி விட்டிங்டன், டெரெக் பிரிக்ஸ் என்ற இருவர் கல்லின் மேல்படலத்தை மெல்லச் செதுக்கிப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது. 'இறால்' என்றது கை. 'சொறிமீன்' என்றது வாய். 'கடல் அட்டை' என்றது உடம்பு. 1985இல் இதை வெளியிட்டார்கள். வைட்டீவ்ஸ் பெயரிட்டு 93 வருஷம் ஆகியிருந்தது.

பிராணிக்கு 93 வருஷம் ஒன்றுமில்லை. மனுஷருக்கு அப்படி இல்லை. நான் இருந்த பிரிவுக்கு ஒரு விதவை அம்மா வருவார். ஊரையும் அலுவலகத்தையும் சொல்ல வேண்டாம். கணவர் அரசாங்கக் கடைநிலை ஊழியர், பணியில் இருக்கும்போதே காலமானார். குடும்ப ஓய்வூதியம் கேட்டு மனுக் கொடுத்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. பிறப்புப் பதிவில் கணவர் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருந்தது. பணிப் பதிவேட்டில் இங்கிலீஷ் கூட்டல், முன்பாதியும் இல்லை. இறப்புச் சான்றில் தெருவில் கூப்பிட்ட பெயர். மேலே போன கோப்பு ஒவ்வொரு தடவையும் 'மூவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று திரும்பி வந்தது. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அம்மா வாசலில் இட்லி விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஐயா, மூணு காயிதத்திலயும் இருக்கிறது எங்க வீட்டுக்காரர்தான். மூணு பேரு இல்லேன்னா, செத்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

அந்தப் பிறப்புப் பதிவு எத்தா சிவில் நகல், முழுக்கப் பிரெஞ்சு. பிரிவில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'உ' என்ற ஒலிக்குப் பிரெஞ்சில் இரண்டு எழுத்து, இங்கிலீஷில் ஒன்று. கூட்டல் வேறுபாட்டில் பாதி அதிலேயே தீர்ந்தது. பிரெஞ்சுப் பதிவில் இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. ஒருவருக்குக் கலியாணம் ஆனால், பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே அதையும் குறிப்பார்கள். அந்த ஓரத்தில், பொடி எழுத்தில், கலியாணத் தேதியும் மணப்பெண் பெயரும் அவள் தகப்பனார் பெயரும் இருந்தன. எதிரே நின்ற அம்மாவின் பெயர்தான் அது. மூன்று தாளிலும் கணவரின் தகப்பனார் பெயரும் ஒன்றாகவே இருந்தது. ஓரக் குறிப்பை மொழிபெயர்த்து, மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு குறிப்பு எழுதினேன். அடுத்த மாசம் உத்தரவு ஆனது. நிலுவையும் வந்தது. ஆனால் அதற்குள் பெரிய பெண்ணின் படிப்பு நின்றுபோயிருந்தது. அதை எந்த நிலுவையாலும் கொடுக்க முடியவில்லை.

கதை இத்தோடு முடியவில்லை. 1985க்குப் பிறகு மேலும் படிவங்கள் கிடைத்தன. ஆராய்ந்ததில், அந்த வட்ட வாயும் நசுங்கிய உடம்பும் அனோமலோகாரிஸுடையவை அல்ல, அதே கூட்டத்து இன்னொரு பிராணியுடையவை என்று தெரிந்தது. அதற்குப் பெய்டோயியா என்ற பழைய பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள். அனோமலோகாரிஸுக்கு வாய் வேறு மாதிரி என்று 2012இல் எழுதினார்கள். முதலில் ஒன்றை மூன்றாகப் பிரித்தார்கள். அப்புறம் இரண்டை ஒன்றாக்கிவிட்டார்கள்!

இதுவும் நமக்குப் புதிதல்ல. ஒரே பெயர், தகப்பனார் பெயரும் ஒன்று என்று இரண்டு ஊழியர்களின் தாள்களை ஒரே உறையில் போட்டு, ஒருவரின் பணிக்காலம் இன்னொருவர் கணக்கில் ஏறிய கோப்பையும் பார்த்திருக்கிறேன். பிரிப்பதற்கு எவ்வளவு ஆதாரம் வேண்டுமோ, சேர்ப்பதற்கும் அவ்வளவு வேண்டும்.

பிராணியைப் பற்றிய செய்தி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் கிடைத்த இதன் கண்ணில் 16,000க்கு மேற்பட்ட வில்லைகள் இருந்ததாக 2011இல் எண்ணிச் சொன்னார்கள். ட்ரைலோபைட்டின் ஓட்டை நொறுக்கித் தின்னும் அரக்கன் என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். அந்தக் கைக்கு அவ்வளவு வலு இல்லை, மெத்தென்ற இரையைத்தான் பாய்ந்து பிடித்திருக்கும் என்று 2023இல் ஓர் ஆய்வு சொல்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் கோப்பை மூடாமல் திறந்து திறந்து பார்க்கிறார்களே, அதைத்தான் நான் மெச்சுகிறேன். 'ஏற்கெனவே முடிவு எடுக்கப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பும் வழக்கம் அங்கே இல்லைபோலும்.

என் வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷாவருஷம் நேர்காணலுக்குப் போய், உயிரோடு இருக்கிறோம் என்று காட்டிவிட்டு வருகிறோம். அதோடு ஒரு காரியம் செய்யுங்கள். ஓய்வூதியப் புத்தகம், ஆதார், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் பாயில் பரப்பி, உங்கள் பெயரும் வீட்டம்மா பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே திருத்துங்கள். திருத்தக் கையெழுத்துப் போட இன்றைக்கு நாம் இருக்கிறோம். நமக்குப் பின்னால் அந்தத் தாள்களைத் தூக்கிக்கொண்டு நிற்கப் போகிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.