பழைய மணிக்கூடும் பாடபேதமும்

தமிழாசிரியன் ஒருவனுக்கும் மணிக்கூட்டுக்கும், பாடவேளை முடிந்ததை அறிவதன்றி, வேறென்ன தொடர்பு உண்டென இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் வினவக்கூடும். என் சிறிய தந்தையார் மணிக்கூடு திருத்துபவர். 1990களின் முற்பகுதியில், வடபகுதிக்கு மின்கலங்கள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், மின்கலத்தால் ஓடிய புதிய மணிக்கூடுகள் ஒவ்வொன்றாய் நின்றன. பெட்டியடியில் உறங்கிய, சாவி கொடுக்கும் பழையவை மீண்டும் கைகளில் ஏறின. ஏறுமுன் அவற்றுட் பல சிறிய தந்தையாரின் மேசைக்கு வந்தன. சிறுவனாகிய நான் அம்மேசையருகே இருந்து கற்ற முதற் பாடம், திருகாணியின் தலையைப் பார்ப்பது. “ஆணித்தலையிலை கீறல் கிடந்தால், உனக்கு முன்னம் ஆரோ உள்ளுக்குப் போய் வந்திட்டான் எண்டு அர்த்தம், தம்பி” என்பார் அவர்.

பின்னாளில் ஆசிரிய கலாசாலையில் ஏட்டுச் சுவடிகளின் பாடபேதங்களைப் பற்றிக் கற்றபோது எனக்கு அந்த ஆணித்தலையே நினைவில் வந்தது. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் முதலிய பதிப்பாசிரியர்கள் பட்ட பாடெல்லாம், தமக்கு முன் எவன் உள்ளே போய் வந்தான், போனவன் எதை மாற்றினான் என்று காண்பதற்கே அன்றோ? அறியாது பிழைபட எழுதியவனின் ஏடு அத்துணைத் தீங்கு செய்வதில்லை. அதன் பிழை தானே வெளிப்படும். நன்றாய்க் கற்றவன், நூலை அழகுபடுத்தக் கருதி, பொருத்தமான சொல்லொன்றைத் தானே இட்டுவிட்டுப் போன ஏடுதான் ஆபத்தானது. மணிக்கூட்டிலும் அவ்வாறே.

நிற்க. கிறோனோகிராவ் என்னும் வகைக் கைமணிக்கூட்டைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். அப்பெயருக்குக் கிரேக்க மொழியிற் ‘காலத்தை எழுதுவது’ என்பது பொருள். பெயர் பொய்யன்று. 1821இல் பாரிஸ் நகரத்து மணிக்கூட்டு வினைஞர் நிக்கொலா றியூசெக் குதிரைப் பந்தயங்களுக்கென அமைத்த கருவி, சுழலும் தட்டின்மேல் மைத்துளியை இட்டு உண்மையாகவே எழுதியது. இன்று எழுத்து இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் நடுவிலுள்ள நீண்ட முள் ஓடும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். மற்றைய பொத்தானை அழுத்தினால் தொடங்கிய இடத்துக்கே பாயும். பாய்ந்த முள் பன்னிரண்டின் நேரே வந்து நில்லாது சற்று விலகி நின்றால், யாரோ அதைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார் என்று ஐயுறலாம்.

இவ்வகையுள் உலகறிந்தது 1957இல் வெளிவந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்ரர். 1965இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் இதனைத் தன் விண்வெளி வீரருக்கெனத் தேர்ந்தது. 1969இல் சந்திரனில் நடந்த ஒல்ட்றினின் கையிலும் இதுவே இருந்தது. அதனால் 1960களிற் செய்யப்பட்டவற்றுக்குப் பெருவிலை உண்டு. பெருவிலை உள்ள இடத்திற் புரட்டும் உண்டு.

அத்தகைய மணிக்கூடொன்றைக் கையில் எடுப்பவர் முதலிற் பார்க்க வேண்டியது அதன் முகம், அதாவது டயல். அக்காலத்து முகங்களிற் பெரும்பாலானவற்றில் ஒமேகாக் குறி உலோகத்தாற் செய்து பதிக்கப்பட்டிருக்கும். வெறும் வண்ணத்தாற் குறியை அச்சிடும் வழக்கம் அப்பத்தாண்டின் இறுதியிலேதான் வந்தது. அடியில் ‘சுவிஸ் மேட்’ என்ற சொற்களின் இருபுறமும் ‘ரி’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால், ஒளிப்பூச்சு திரிற்றியத்தாலானது என்பது கருத்து. திரிற்றியத்தின் அரைவாழ்வு பன்னிரண்டு ஆண்டும் சில திங்களும். எனவே 1960களின் பூச்சு இன்று இருளிற் சோர்ந்து கிடக்க வேண்டும். விளக்கின்முன் காட்டி இருளறைக்குக் கொண்டுபோனால் நெடுநேரம் பச்சையாய் ஒளிர்கிறதா? அங்ஙனமாயின் அது பிற்காலத்துப் பூச்சு. பணச் செலவற்ற சோதனை இது; இதற்கு மேலான சோதனையை நான் கண்டதில்லை.

அடுத்தது, வேகத்தைக் கணிக்க எண்கள் பொறித்த விளிம்பு வளையம். ஏறத்தாழ 1970 வரை செய்தவற்றிலே தொண்ணூறு என்னும் எண்ணுக்குரிய புள்ளி அவ்வெண்ணின் மேலே நிற்கும். பின்னர்ச் செய்தவற்றிலே பக்கத்தில் நிற்கும். ஒரு புள்ளி! ஆயினும் பழைய வளையம் தனித்தே ஆயிரம் டொலருக்கு மேலும் விலைபோகிறது. ஒரு புள்ளி இருப்பதும் இல்லாததும் சொல்லையே மாற்றிவிடும் மொழியைக் கற்பிப்பவனுக்கு இது வியப்பளிக்கவில்லை, விலைதான் வியப்பளித்தது.

இனி இயந்திரம். 1968இற்கு முன்னையவற்றில் 321 என்னும் இலக்கமிட்ட, செம்பு நிறங்கொண்ட, தூண்சக்கரம் உடைய இயந்திரம் இருக்கும். அது மணிக்கு 18,000 முறை துடிக்கும். பின்வந்த 861 இயந்திரம் 21,600 முறை துடிக்கும். பழகிய செவி அடிமூடியைத் திறவாமலே இவ்விரண்டையும் வேறு பிரித்துவிடும். திறந்தால், இயந்திரத்தின் தொடர் இலக்கமும் மூடியின் உட்புறத்து மாதிரி இலக்கமும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று ஒப்புநோக்கலாம். கூட்டின் காதுகளிலுள்ள கூரிய விளிம்பு மழுங்கியிருந்தால் யாரோ மினுக்கியிருக்கிறார். மினுக்கியவர் நன்மையே கருதியிருப்பார். போன உலோகம் போனதுதான்.

சந்தையின் விருப்பு வெறுப்புகள் எனக்கு முற்றும் உடன்பாடல்ல. கருமுகம் வெயிலாலும் வண்ணக் குறையாலும் வெளிறிப் பழுப்பாகிவிட்டால், அதற்கு ‘திறொப்பிக்கல்’ என்று பெயரிட்டுக் கூடிய விலை கொடுக்கின்றனர். பழுதுக்குப் பெயர் சூட்டிப் பணம் பெறும் வித்தை இது. மாறாக, ஒருவர் தம் மணிக்கூட்டை முறையாய்த் திருத்துநரிடம் கொடுத்து, தேய்ந்த முள்ளை மாற்றி நாள்தோறும் அணிந்திருந்தால் விலை குறைகிறது. உரியவரின் பெயர் விலையை ஏற்றுவதும் உண்டு. நடிகர் போல் நியூமன் அணிந்த றோலெக்ஸ் டேற்றோனா 2017இல் நியூயோர்க் ஏலத்தில் ஒரு கோடியே எழுபத்தேழு இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. கவனமாக ஓட்டும்படி மனைவியார் அதன் முதுகிற் பொறிப்பித்த சொற்கள், வேறெந்த மணிக்கூட்டிலும் குறையாகவே கொள்ளப்பட்டிருக்கும்.

ஆயினும் 2021 நவம்பரில் ஜெனீவாவில் நிகழ்ந்ததே என் நெஞ்சை விட்டு அகலாதது. 1957ஆம் ஆண்டின் முதல் வகை ஸ்பீட்மாஸ்ரர் ஒன்று, பழுப்பு முகத்துடன், முப்பத்தொரு இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம்போயிற்று. வாங்கியது ஒமேகா நிறுவனத்தின் சொந்த அருங்காட்சியகமே. அது பலவிடத்து உறுப்புகளைக் கூட்டி உருவாக்கப்பட்டது என்றும், தன் முன்னாள் ஊழியர் சிலருக்கும் அதிற் பங்குண்டு என்றும் 2023இல் அந்நிறுவனமே அறிவித்தது. நூலை இயற்றியவரின் வீட்டாரே இடைச்செருகலை மூலபாடமென்று பெருவிலைக்கு வாங்கிவைத்ததை ஒக்கும் இது. பழைய உறுப்புகளை எத்துணை நுணுக்கமாய்க் கூட்டினாலும், ஒரு மணிக்கூட்டின் வாழ்வு அவற்றிலிருந்து பிறந்துவிடாது. நிறுவனப் பதிவேட்டுச் சான்று வைத்திருப்போரும் இதனை உணர்தல் நன்று. இன்ன இலக்கமுள்ள இயந்திரம் இன்ன நாளிற் செய்யப்பட்டு இன்ன நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று அது சொல்லும். இன்று அதன்மேல் இருக்கும் முகம் அன்றிருந்த முகந்தானா என்று சொல்லாது.

எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், கப்பலிற் பொறியியலாளராய் இருந்து காலமான தம் தந்தையாரின் ஸ்பீட்மாஸ்ரரைச் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கொண்டுவந்தார். தங்கையின் படிப்புச் செலவுக்காக அதனை விற்கும் நிலை. கொழும்பிலே வணிகரொருவர், தம்மிடம் விட்டால் பழைய வளையமும் பழைய முட்களும் பூட்டி ‘முற்றிலும் அசல்’ என விற்றுத் தருவதாகவும், அதனால் ஓராண்டுக் கட்டணத்துக்குப் போதிய பணம் மிகையாய்க் கிடைக்கும் என்றும் கூறியிருந்தாராம். “சேர், பூட்டப்போறது எல்லாம் உண்மையான பழைய சாமான்தானே? அதிலை என்ன பிழை?” என்று கேட்டார் மாணவர். ஏழ்மை கேட்கும் கேள்வி அது. எள்ளி நகையாடத் தக்கதன்று.

இருவரும் கதவடைத்த அறையிலிருந்து பார்த்தோம். முகத்தின் பூச்சு இருண்டு கிடந்தது. முட்கள் மாத்திரம் பளிச்சென ஒளிர்ந்தன. தொண்ணூற்றின் புள்ளி பக்கத்தில் நின்றது. இயந்திரமும் மூடியும் ஒரே காலத்தைச் சொல்லின. ஆணித்தலைகளிற் கீறல் இல்லை; திருத்தியவர் கைதேர்ந்தவர். “அப்பா எண்பதுகளிலை சிங்கப்பூரிலை ஒருக்கால் சேவிஸ் செய்வித்தவர்” என்று மாணவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்த வளையமும் முட்களும் தந்தையார் தம் உழைப்பிற் பணங்கொடுத்து மாற்றுவித்தவை. அவற்றைக் கழற்றி, யாரோ ஒருவருடைய மணிக்கூட்டின் வளையத்தைப் பூட்டினால், வாங்குபவருக்குச் சொல்லப்படுவது அவருடைய தந்தையாரின் கதையாய் இராது. இதனை நான் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “அப்ப உள்ளதை உள்ளபடி எழுதித் தாருங்கோ, சேர்” என்றார்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: முகம், இயந்திரம், மூடி அசல், வளையம், முட்கள் பின்னர் மாற்றப்பட்டவை, கூடு சிறிது மினுக்கப்பட்டது. ஆங்கிலப் படியொன்றும் செய்தோம். வணிகர் சொன்ன தொகை கிடைக்கவில்லை. கிடைத்தது தங்கையின் முதலாண்டுக்குப் போதுமானதாயிற்று. எஞ்சிய ஆண்டுகளுக்குத் தமையனார் மாலை வேளைகளிலும் உழைக்கிறார். வாங்கிய வெளிநாட்டவர், மணிக்கூட்டுடன் அத்தாளையும் வைத்திருக்க விரும்புவதாக எழுதி, ஆங்கிலப் படியோடு தமிழில் எழுதிய மூலத்தையும் கேட்டுப் பெற்றுக்கொண்டார்.