பழக்கொசுவும் இல்லறமும்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் இயற்கைத் துறைமுகத்தையும் அதன்பொருட்டு நிகழ்ந்த போர்களையுமே பெரிதும் எழுதுவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் அதன்மீது கண்வைத்தனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அங்கு குண்டு பொழிந்தன. ஆயின், அத்துறைமுகத்தை அண்டி வாழும் எளிய குடும்பங்களை நாள்தோறும் அலைக்கழிக்கும் பகைகள் பெரும்பாலும் மிகச் சிறியன. அவற்றுள் ஒன்று பழக்கொசு.

இது நுளம்பும் அன்று, இலையானும் அன்று. ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் நீளமும் மஞ்சள் கலந்த பழுப்பு நிற உடலும் சிவந்த கண்களும் கொண்ட சிற்றுயிர். விஞ்ஞானிகள் இதனைத் துரோசோபிலா என்பர். கடிப்பதில்லை, குருதி குடிப்பதுமில்லை. எனினும், பழம் விற்றுப் பிழைக்கும் வீட்டில் இதனால் விளையும் இழப்பு சிறிதன்று.

கச்சான் காற்று அடிக்கும் கோடையில் மாம்பழமும் காட்டுப் பாலைப்பழமும் சந்தைக்கு வருகின்றன. துறைமுகத்தை அடுத்த ஒழுங்கையொன்றில் வாழும் பழக்காரி ஒருத்தி காலையில் சுமந்து சென்றவற்றுள் விலைப்படாதவை மாலையில் அவளுடனேயே வீடு திரும்புகின்றன. இரவு முழுவதும் அவை சமையலறை மூலையில் கிடக்கின்றன. மறுநாள் கடகத்தின் மேல் கொசு மொய்ப்பதைக் கண்டவர்கள் பாதி விலை கேட்கின்றனர்; அல்லது முகம் சுளித்து அப்பாற் செல்கின்றனர். மகளின் கொப்பிக்கும் பஸ் கட்டணத்துக்கும் உரிய பணமே அவ்வாறு குறைகின்றது. அவளது தாயோ, “பழத்துக்குள்ளயே பிறக்கிற சீவன், பிள்ளை, அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?” என்று அமைதி கொள்கிறாள்.

அம்மூதாட்டியின் எண்ணம் நகைப்புக்குரியதன்று. அழுகும் பொருளிலிருந்து உயிர் தானே தோன்றுமென ஐரோப்பிய அறிஞரும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1668இல் இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சி இட்ட பாத்திரங்களுட் சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மெல்லிய துணியால் மூடியும் வைத்தார். துணி மூடிய பாத்திரத்து இறைச்சியிற் புழு தோன்றவில்லை. ஈ வந்து முட்டையிட்டாலன்றிப் புழு இல்லை என்பது தெளிவாயிற்று. ஒரு பழைய வேட்டித் துண்டினால் பழக் கடகத்தை இடைவெளியின்றி மூடிக் கட்டும் பெண்ணும் அவ்வுண்மையையே செயலாக்குகிறாள்.

பழக்கொசு நாடுவது பழத்தின் இனிப்பை மட்டுமன்று. பழம் நொதிக்கும்போது பெருகும் மதுவத்தையும் அப்போது எழும் புளித்த மணத்தையும் அது நாடுகிறது. வெடித்த தோலிலும் கனிந்து நைந்த சதையிலும் முட்டையிடுகிறது. ஒரு பெண் கொசு தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடவல்லது. 25 பாகை செல்சியசு வெப்பத்தில் முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ 10 நாட்களே வேண்டும். ஆகவே, பறப்பனவற்றைக் கொல்வதனால் மட்டும் பயன் விளையாது. பிறப்பிடத்தை ஒழிக்கவும் வேண்டும். பத்து நாட்கள் பொறுத்திருக்கவும் வேண்டும்.

பிறப்பிடத்தை ஒழிப்பதற்குச் செலவில்லை. பழம் வீட்டுக்கு வந்தவுடன் கழுவித் துடைத்தல் வேண்டும். காயம்பட்டதைப் பிரித்தெடுத்து அன்றிரவே உண்ணுதல் அல்லது பாகாக்குதல் நன்று. தோலையும் கொட்டையையும் மண்ணில் ஆழப் புதைத்தல் வேண்டும். கழுவுநீர் செல்லும் குழாயின் வாயைத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றுதலும், ஈரத் துணியை வெயிலில் உலர்த்துதலும் மறக்கத்தகாதவை. அங்குள்ள அழுக்கிலும் கொசு பிறக்கும்.

எஞ்சிப் பறப்பனவற்றுக்குப் பொறி ஒன்று போதும். ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு வினாகிரி ஊற்றி, கனிந்த வாழைப்பழத் துண்டொன்றையும் சவர்க்காரக் கரைசலில் இரண்டொரு துளியையும் சேர்த்தல் வேண்டும். மணத்தால் ஈர்க்கப்படும் கொசு, வெறும் வினாகிரியாயின் அதன் மேற்பரப்பில் நின்று மீண்டு பறந்துவிடக்கூடும். சவர்க்காரம் திரவத்தின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் அது அமிழ்ந்து போகிறது. குவளையின் வாயில் நுனியில் சிறு துளையுள்ள காகிதக் கூம்பொன்றைச் செருகினால் உட்புகுந்தது வெளியேற வழி காணாது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கரைசலை மாற்றுதல் வேண்டும். இல்லையேல் பொறியே பிறப்பிடமாகிவிடும். பழம் திறந்து கிடக்க, அருகிற் பொறி வைப்பதும் வீண்.

நுளம்புக்கென வாங்கிய விசிறுமருந்தைப் பழத்தின்மேல் அடிப்போரும் உளர். கொசு மடியும், ஆனால் நஞ்சு பழத்திற் படியும், அதனை உண்பது குழந்தை. தன் வீட்டுக் குழந்தையாயினும் வாங்குவோர் வீட்டுக் குழந்தையாயினும் வேறுபாடில்லை. நேர்மையான வணிகம் தொடங்குமிடம் அதுவே.

மாம்பழத்தை அறுக்கும்போது உள்ளே நெளியும் புழு இக்கொசுவினது அன்று. அது மரத்திலேயே காயைத் துளைத்து முட்டையிடும் வேறோர் ஈயினது. அதற்கு வினாகிரிப் பொறி பயன்படாது. பீகாரின் பூசாவிற் பணியாற்றிய ஹவ்லெற் என்ற பூச்சியியலாளர், மெதைல் இயூசினோல் என்னும் பொருள் அவ்வீயினத்து ஆண்களை ஈர்ப்பதை 1915இல் வெளியிட்டார். முற்றத்துத் துளசியிலும் அப்பொருள் உண்டு. பகையை இனங்காணாது மருந்து தேடுவது வீண் உழைப்பு என்பதற்கு இதுவே சான்று.

பழக்கொசுவை வெறும் தொல்லை என்று ஒதுக்குவதற்கும் இல்லை. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ற் மோர்கன் பாற்போத்தல்களில் வாழைப்பழம் இட்டு இதனை வளர்த்தார். 1910இல் வெண்ணிறக் கண்ணுடைய கொசுவொன்றைக் கண்டு ஆராய்ந்து, பரம்பரையலகுகள் நிறமூர்த்தங்களில் அமைந்துள்ளன என்பதற்குச் சான்று தேடினார். 1933இல் நோபல் பரிசு பெற்றார். அங்கு அறிவை வளர்த்த அதே போத்தலும் வாழைப்பழமும் இங்கு வயிற்றுப்பாட்டைக் காக்கின்றன.

எனினும், ஒரு வீடு தனித்து வெல்ல முடியாத போர் இது. அயல்வீட்டுக் குப்பைக் குழியில் பிறந்த கொசுவுக்கு வேலி தடையன்று. ஒழுங்கை முழுவதும் ஒருமனப்பட்டுப் பத்து நாட்கள் குப்பையைப் புதைத்தால் பழக்காரியின் கடகத்துக்கு உரிய விலை கிடைக்கும். அவளது வறுமைக்கு அது முழு மருந்தன்று. ஆயின் அயலவர் காசின்றிச் செய்யக்கூடிய உதவி அது.