ஹெரால்டைச் சுமந்தவனுக்கு

அன்பான சேஸிஸே,

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்றால் டூரின் நகரத்து ஜியோவன்னி மிச்செலோட்டி வரைந்த அழகைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்த அழகைச் சுமந்துகொண்டு சாலைக் குழிகளின் அடியையெல்லாம் வாங்கிய உன்னைக் குனிந்து பார்த்தவர்கள் குறைவு. உன் அடியில் மல்லாந்து கிடந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சேஸிஸே, நீ தனியாக இருந்ததற்கே முதல் நன்றி. 1959-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப்காரர்கள் ஹெரால்டை வெளியிட்டபோது, உடலும் சட்டமும் ஒன்றாகச் செய்த கார்கள்தான் புதுப் பாணி. ஆனால் அவர்களுக்கு பாடி செய்து கொடுத்த நிறுவனம் போட்டியாளர் கைக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல், துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும்படி வண்டியை வடிவமைத்தார்கள். கடல் தாண்டிய ஊர்களில் பூட்டுவதற்கும் அது வசதியாயிற்று. 1961-இல் நீ மதராசுக்கு வந்தாய், தொழிற்சாலை இருந்த பெருங்களத்தூர் உன் ஊரானது. அதே போல்ட்டுகளின் தயவில்தான் இன்று வீட்டுப் பின்கட்டில் நாலு பேர் கைகொடுத்து பாடியைத் தூக்கி ஓரமாக வைக்க முடிந்தது. இல்லையென்றால் உன்னை என்றோ காயலான் கடையில் எடைக்குப் போட்டிருப்பார்கள்.

சேஸிஸே, அளக்கக் கற்றுக்கொடுத்தவன் நீ. உன்னை ஸ்டாண்டுகள்மேல் ஏற்றி ரசமட்டம் பார்த்தேன். போல்ட் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொட்ட இடங்களைச் சிமென்ட் தரையில் சாக்பீஸால் குறித்து, மூலைக்கு மூலை நூல் பிடித்தேன். இரண்டு நூலும் ஒரே நீளம்! இத்தனை வருஷம் நம் ஊர்ச் சாலைகளில் உழைத்தும் நீ கோணவில்லை.

சேஸிஸே, உன் நோயைக் காதால் கண்டுபிடிக்கவும் நீயே பழக்கினாய். மூடிய குழல்களுக்குள் ஈரம் தங்கி, துரு உள்ளிருந்தே அரித்திருந்தது. வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. சுத்தியலால் தட்டினால் கெட்டியான இடம் 'டங்' என்றது, உளுத்த இடம் 'தொப்' என்றது. பாடியின் விளிம்பைத் தாங்கும் அவுட்ரிக்கர்களில்தான் சேதம் அதிகம். அவற்றை ஒட்டுமொத்தமாக வெட்டிவிட்டால் அளவுக்குச் சாட்சியே இருக்காது. அதனால் ஒன்றை வெட்டி, புதியதைப் பற்றவைத்த பிறகுதான் அடுத்ததில் கிரைண்டரை வைத்தேன். ஒரே மூச்சில் வெல்டிங் அடித்தால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் ஓர் அங்குலம், எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம், பிறகு ஆறவிட வேண்டும். அப்படி ஆறவிட்டுக்கொண்டு டீ கிளாஸோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாலைகளை எதற்கும் ஈடு வைக்க மாட்டேன்.

சேஸிஸே, மாறவும் சம்மதித்தாய். வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், உன் பின்பக்கம் எழும்பி சக்கரங்கள் உள்ளே மடங்கும். அந்தக் காலத்து ஊசல் அச்சின் குணம் அது. எழுபதுகளில் இங்கே உன் வழியில் வந்த ஸ்டாண்டர்ட் கேஸல் காருக்குப் பின் அச்சையே ஒரே துண்டாக மாற்றிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது 1970-இன் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காட்டிய வழி. டிஃபரன்ஷியல் மேல் குறுக்கே கிடக்கும் லீஃப் ஸ்பிரிங்கில் பெரும்பாலான பட்டைகளை இறுக்காமல் நடுவில் சாய்ந்தாட விட்டு, அதை ஈடுகட்ட முன்னால் தடித்த ஆன்டி-ரோல் பார் போடுவது. உன்னை எங்கும் வெட்டாமலே அது முடிந்தது. உன்னில் நானாகச் சேர்த்தது தண்ணீர் வடியச் சில துளைகளும் குழல்களுக்குள் மெழுகுப் பூச்சும்தான்.

சேஸிஸே, இனி பாடியை உன்மேல் இறக்க வேண்டியதுதான் பாக்கி. ஒவ்வொரு போல்ட்டுக்கும் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு உன்னைக் கழற்றப் போகிறவருக்குக் கை வலிக்கக் கூடாது.

என்றும் அன்புடன்,
உன் பட்டறைக்காரன்