ஒரு பக்கெட் தண்ணி!

சிவில் இன்ஜினீயரிங் படிக்கிறவனைப் பார்த்தாலே சொந்தக்காரங்க கேட்கிற முதல் கேள்வி, 'மொட்டை மாடி ஒழுகுதே, என்ன பண்ணலாம்?' மூணாவது வருஷம் ஒரு மாசம் சைட்டுக்கு ட்ரெய்னிங் போனப்பதான் எனக்குப் பதில் பிடிபட்டது. மாடி மழை பெய்யற அன்னிக்கு ஒழுக ஆரம்பிக்கறதில்லை பாஸ்... கான்கிரீட் போடற அன்னிக்கே ஆரம்பிச்சுடுது!

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். தளம் போடற நாள். 'கலவை கெட்டியா இருக்கு மேஸ்திரி, இழுக்க வரலை'ன்னு குரல் வந்ததும், அவர் ஒரு பக்கெட் தண்ணியைச் சத்தமில்லாமல் மிக்ஸரில் ஊற்றினார். கலவை வழவழன்னு ஓடியது. எல்லோர் முகத்திலும் நிம்மதி.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. கடலோரக் கட்டடத்துக்கு ஐ.எஸ். 456 சொல்ற தண்ணீர் வரம்பு, சிமென்ட் எடையில் 0.45 பங்கு. அதாவது மூட்டைக்கு 22.5 லிட்டர். மேலே 10 லிட்டர் ஊற்றினால் 0.65! சிமென்ட்டுக்கு வேண்டாத தண்ணி, மெள்ள ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துவாரங்கள். அந்த வழியா மழையும் உப்பும் இறங்கிக் கம்பியைத் தொடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேணும். இடம் கிடைக்காத துரு, கான்கிரீட்டையே பிளந்துடும்.

சரி, தண்ணியைக் குறைச்சா? கெட்டிக் கலவை மூலைமுடுக்குக்குப் போகாது, காற்று உள்ளேயே மாட்டிக்கும். 5 சதவிகிதம் வெற்றிடம் இருந்தாலே, பலத்தில் 30 சதவிகிதம் வரை காலி. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் வைப்ரேட்டர்.

அதைப் பிடிக்கிற அண்ணனிடம் சாப்பாட்டு நேரத்தில் பேசினேன். டீ டம்ளரை ரெண்டு கையாலும் பிடிச்சிருந்தார். "ராத்திரி விரலெல்லாம் மரத்துப் போயிடும் தம்பி. சட்டைப் பட்டன் போட வராது. லீவு நாள்ல சரியாகும், மறுநாள் திரும்பவும் வந்துடும்" என்று சிரித்தார். எங்க பாடப் புத்தகத்தில் வைப்ரேட்டர் பற்றிப் பக்கம் பக்கமா இருக்கு. அதைப் பிடிக்கிற கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

பக்கெட்டுக்கும் கைக்கும் மருந்து ஒண்ணுதான்... சேர்மானம். நமக்கு இது புதுசில்லை. நம்ம முன்னோர் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் கலந்தவங்கதானே! இன்னிக்கு அந்த இடத்தில் சூப்பர் பிளாஸ்டிசைஸர். சிமென்ட் துகள்களை ஒண்ணோடொண்ணு ஒட்டவிடாமல் பிரிச்சுவிடும். நடுவில் சிக்கிய தண்ணி விடுபட்டு, கலவை தானா இளகும். 20 சதவிகிதத் தண்ணியை மிச்சம் பிடிக்கலாம். ஆனா, சிமென்ட் எடையில் 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. இன்னொண்ணு, அனல் மின் நிலையச் சாம்பல். சிமென்ட் தண்ணியோடு சேரும்போது மிஞ்சற சுண்ணாம்பைப் பிடிச்சுப் பசையாக்கி, துவாரங்களை அடைக்கும். கொஞ்சம் நிதானமான ஆசாமி என்பதால், 10 நாளாவது தண்ணி கட்டணும். 14 நாள்னா இன்னும் நல்லது.

ஜப்பான்காரங்க இன்னும் ஒரு படி மேலே போனாங்க. தேர்ந்த தொழிலாளர்கள் குறையறாங்களேன்னு கவலைப்பட்ட பேராசிரியர் ஒகாமுரா, வைப்ரேட்டரே தேவைப்படாத கான்கிரீட்டை 1986-ல் முன்மொழிந்தார். 1988-ல் அது கைக்கு வந்தது. 1998-ல் திறந்த அகாஷி கைக்யோ தொங்கு பாலத்தில், கம்பி வடங்களை இழுத்துப் பிடிக்கிற ராட்சத அடித்தளங்களுக்கு அதைத்தான் ஊற்றினாங்க. இரண்டரை வருஷ வேலை இரண்டு வருஷத்தில் முடிஞ்சது!

நம்ம வீட்டுத் தளத்துக்கு அந்த அளவு செலவு கட்டுப்படியாகாது. ஆனா, சூப்பர் பிளாஸ்டிசைஸர் கட்டுப்படியாகும். நான் பார்த்த சைட்டிலும் அது இருந்தது... ஸ்டோர் ரூமில், பூட்டுக்குள்ளே! எவ்வளவு ஊற்றணும்னு மேஸ்திரிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. அவர் கைக்கு எட்டினது தண்ணி மட்டும்தான்.

நாளைக்கு சைட் இன்ஜினீயரா நிற்கப்போற நண்பர்களே... பக்கெட்டைப் பிடுங்கறதோடு நிறுத்தாதீங்க. ஸ்டோர் ரூம் சாவியைக் கேட்டு வாங்குங்க. அளவு குவளையை மேஸ்திரி கையில் கொடுத்துக் கணக்கைச் சொல்லுங்க. அப்படியே, வைப்ரேட்டருக்கு மாத்தி மாத்திப் பிடிக்க இன்னொரு ஆளையும் போடுங்க!