சிவகாசிக்கு ஒரு பேருந்துப் பயணம்

விடுமுறை நாளொன்றில் எங்கள் மக்தபின் முற்றத்தில் பிள்ளைகளிடம் சுண்ணாம்புக் கட்டிகளைக் கொடுத்து, "நம் ஊரை வரைந்து காட்டுங்கள்" என்றேன். ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள பதினான்கு பேர் தரையில் குனிந்தனர்.

முதலில் தெப்பக்குளம் தோன்றியது. அதைச் சுற்றிக் கடைவீதி எழுந்தது. காமராசர் 1903-ஆம் ஆண்டு பிறந்த இல்லம் ஒரு மூலையில் இடம்பெற்றது. அதைவிட மூன்று மடங்கு பெரிதாக எண்ணெய்ப் பரோட்டாக் கடை அமைந்தது. சென்னை மாநிலத்திற்குத் 'தமிழ்நாடு' எனப் பெயர் சூட்ட வேண்டி 1956-இல் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு மேற்கொண்ட தேசபந்து மைதானத்தை ஒரு சிறுவன் வட்டமாக வரைந்தான். "ஏன் வட்டம்?" என்றேன். "அப்பத்தானே நிக்காம ஓடிக்கிட்டே இருக்கலாம், ஹஜ்ரத்" என்றான்.

ஊர் உருவானதும் பேருந்து புறப்பட்டது. ஒரு நீளக் கயிற்றுக்குள் பத்துப் பேர் பயணிகள். முன்னால் ஓட்டுநர், பின்னால் நடத்துநர். "ஆமத்தூர், திருத்தங்கல், சிவகாசி!" என்று கூவியபடி வந்த வண்டி, சுண்ணாம்பால் வரைந்த பேருந்து நிலையத்தில் நின்றுவிட்டது. "அதுக்கு அங்கிட்டு நாங்க சரியாப் பார்த்ததே இல்லையே" என்றாள் ஏழு வயதுச் சிறுமி. பெரும்பாலோர் தந்தையின் இருசக்கர வண்டியில் பெட்ரோல் தொட்டிமீது அமர்ந்து கண்ணில் தூசி விழப் போய் வந்தவர்களே. ஆகவே அடுத்த வாரமே, பெற்றோர் சிலரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, உண்மையான பேருந்தில் ஏறினோம்.

ஜன்னலோர இருக்கைகளுக்கு நடந்த போரை விவரிக்கத் தேவையில்லை. ஆமத்தூரைத் தாண்டியதும் கரிசல் மண்ணும் சீமைக் கருவேலமும் விரிந்தன. சிவகாசியை நெருங்க நெருங்க, வெட்டவெளியில் ஒன்றுக்கொன்று எட்ட எட்ட நிற்கும் சிறிய அறைகள் தென்பட்டன. "யார் வீடு இவ்வளவு சின்னது?" என்று கேட்டான் ஒருவன். அவை வீடுகள் அல்ல, பட்டாசுத் தொழிற்சாலையின் வேலை அறைகள் என்றேன். ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குத் தாவாதிருக்கவே அந்த இடைவெளி. ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமர்ந்து வேலை செய்யக் கூடாது என்பதும் விதி. விதி மீறப்படும் இடங்களில் உயிர்கள் போகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட வெடிவிபத்தை நம் மாவட்டம் மறக்கவில்லை. அதனைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை.

எங்களுடன் வந்திருந்த ஒரு சிறுவனின் நன்னி அதுவரை பேசாதிருந்தார். திருத்தங்கல் குன்று தெரிந்தபோது, "இந்த மலை இவ்வளவு கிட்டத்திலயா இருக்கு!" என்று வியந்தார். பிறகு தாமே சொல்லத் தொடங்கினார். அவர் பிறந்தது இந்தச் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில். ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பப்பட்டார். பஜ்ரு பாங்குக்கு முன்பே ஆபீஸ் பேருந்து வந்து ஒலி எழுப்பும். தாய் அவரைத் தூக்கத்தோடு தூக்கி ஏற்றிவிடுவாராம். நாள் முழுதும் கட்டை அடுக்கிவிட்டு, இருட்டிய பின்னரே திரும்புவார்.

"உங்களுக்கு ஜன்னல் சீட்டு கிடைச்சுச்சா நன்னி?" என்று பேரன் கேட்டான்.

"கிடைக்கும்டா. போகையிலயும் இருட்டு, வரையிலயும் இருட்டு. என்னத்தப் பார்க்க?"

சிவகாசியின் வரலாற்றில் உழைப்பின் பெருமை உண்டு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். மழை குறைந்த இவ்வட்டாரத்தின் வறண்ட காற்று அத்தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தது. பட்டாசும் அச்சுத் தொழிலும் தொடர்ந்தன. 'குட்டி ஜப்பான்' என்ற பெயரும் வந்தது. ஆனால் அப்பெருமையின் மறுபக்கத்தில், விடியுமுன் பேருந்தில் ஏற்றப்பட்ட சிறுவர் சிறுமியரும் இருந்தனர். 1990-இல் வெளியான 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அவர்களைப் பற்றியதே. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் 14 வயது நிறையாதோரைப் பணியமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் செலுத்த வேண்டும் என்றது. கல்வி உரிமைச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு குழந்தையைப் பள்ளி இருக்கையில் அமர்த்துவதற்கு இத்தனை ஆண்டுகள், இத்தனை போராட்டங்கள்.

சிவகாசியில் அச்சகமொன்றின் வாசலில் நின்று, வண்ண வண்ணமாக விழும் நாட்காட்டித் தாள்களைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தனர். வீணான தாள்களில் ஆளுக்கொன்று கிடைத்தது. மாலை வெயில் சாயுமுன் ஊர் திரும்பினோம். திரும்பும்போது ஜன்னலோர இருக்கையை யாரும் கேளாமலே நன்னிக்கு விட்டுக் கொடுத்தனர்.

பெற்றோரே! இன்று நம் பிள்ளைகளை விடியுமுன் எழுப்ப ஆபீஸ் பேருந்து வருவதில்லை. ஆயினும் பள்ளி, தனிப்பயிற்சி, கைப்பேசி என மூன்று அடைப்புகளுக்குள் அவர்கள் பகல் கழிந்துவிடுகிறது. தான் பிறந்த ஊரின் குளத்தையும் குன்றையும் காணாமலே வளரும் பிள்ளைக்கு, அந்த ஊரின்மீது அன்பு எங்கிருந்து பிறக்கும்? அதன் உழைப்பாளர்மீது இரக்கம்தான் எப்படிச் சுரக்கும்? பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பேருந்துச் சீட்டு, கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பொறுமையுள்ள ஒரு பெரியவர் போதும்.

மறுநாள் முற்றத்தில் ஊர்ப்படம் வளர்ந்திருந்தது. பேருந்து நிலையத்தைக் கடந்து சாலை சென்றது, குன்று நின்றது, சிறிய அறைகள் எட்ட எட்ட இருந்தன. சாலையில் ஒரு பேருந்து. அதன் மேல் பெரிய சூரியன். ஜன்னலோரத்தில் முக்காடிட்ட ஒரு முகம். அதை வரைந்தவன் யாரென்று நான் கேட்கவில்லை.