பொம்மிடியில் ரயிலேறி இலங்கைக்கு..!

“வெளிநாடு போகணும்னா இங்கிலீஷ் தெரியணுமே!” பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களில் பலர் பாஸ்போர்ட்டே எடுக்காமல் இருப்பதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம். தமிழ் பேசியே சுற்றிவரக்கூடிய வெளிநாடு பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் இலங்கை. அங்கே சிங்களத்தோடு தமிழும் ஆட்சிமொழி.

கிளம்பும் முன்...

பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அதில் உங்கள் இன்ஷியல் முழுப்பெயராக விரிந்திருக்கும். டிக்கெட்டிலும் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கட்டும். ‘இடிஏ’ எனப்படும் பயண அனுமதியை இலங்கை அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் அங்கேயே சரிபாருங்கள்.

எப்படிப் போவது?

பொம்மிடியில் ரயிலேறிச் சென்னை போனால், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் விமானம் உண்டு. கடலில் போக ஆசையா? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் போக்குவரத்து தொடங்கியது. சுமார் 4 மணி நேரப் பயணம். மழைக்காலத்தில் நிறுத்தப்படுவதுண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

யாழ்ப்பாணத்தில் இறங்கிக் கொழும்பிலிருந்து திரும்பினால், போன வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம்.

எங்கெல்லாம் பார்க்கலாம்?

யாழ்ப்பாணம் (2 நாள்): நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். 1981-ல் எரிக்கப்பட்டு, மீண்டும் எழுந்து நிற்கும் நூலகத்தை அவசியம் பாருங்கள். படகில் நயினாதீவு போய் நாகபூசணி அம்மனையும் தரிசிக்கலாம்.

கண்டி (2 நாள்): ஏ9 சாலையில் பஸ்ஸிலேயே போகலாம். புத்தரின் பல் பாதுகாக்கப்படும் தலதா மாளிகையும் பேராதனை தாவரவியல் பூங்காவும் இங்கே முக்கியம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். அங்கே அது பெரிய அவமரியாதை.

நுவரெலியா (1 நாள்): குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும். பக்கத்திலேயே சீதா எலியாவில் சீதை அம்மன் கோயில். மலை ரயிலில் போக நினைப்பவர்கள் அது ஓடுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழும்பு (1 நாள்): புறக்கோட்டைக் கடைவீதியில் ஷாப்பிங், மாலையில் காலிமுகத்திடலில் கடல்காற்று.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்களா? இடத்தைக் குறையுங்கள், நாளைக் கூட்டுங்கள். நம் ஒரு ரூபாய்க்கு மூன்று ரூபாய்க்கு மேல் அந்த நாட்டுப் பணம் கிடைக்கும். ஆனால், சுற்றுலாத் தலங்களில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம். அதற்கெனத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

நுவரெலியாவில் தேயிலைத் தோட்டப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் அந்தத் தோட்டங்களில் உழைக்கப் போனவர்களில் பழைய சேலம் மாவட்டத்தினரும் உண்டு. 1965 வரை நம் தருமபுரியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே யாராவது “எந்த ஊர்?” என்று கேட்டால், “சேலம் பக்கம்” என்று சொல்லிப் பாருங்கள். “எங்க தாத்தாவும் அங்கதான்” என்ற பதில் வந்தாலும் வரலாம்!