வீட்டுக்கு வந்த சர்வகலாசாலை

“ஊருக்கு உபதேசம்” என்று தொடங்கும் பழமொழியின் மிகுதியை வாசகர் அறிவர். யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரி ஒன்றிலே இருபது ஆண்டுக்கு மேலாகக் கணிதம் கற்பித்துவரும் நாம், அப்பழமொழி எம்மை நோக்கியே சொல்லப்பட்டதென்பதை 2022ஆம் ஆண்டிலேதான் உணர்ந்தோம். கல்விக்கு வயதில்லை என்று பரிசளிப்பு விழாக்களிற் பேசியவர் நாம். அக்கல்வி எம் வீட்டு வாயிலில் வந்து நின்றபோது முகஞ் சுளித்தவரும் நாமே. அதனை மறையாது சொல்வது, படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்தம் வீட்டாருக்கும் பயன்படுமென்று எண்ணி இதனை எழுதுகிறோம்.

தூரத்திலிருந்தே பட்டம் பெறுவது எம்மூருக்குப் புதிதன்று. இலண்டன் சர்வகலாசாலை 1858ஆம் ஆண்டிலே தன் பரீட்சைகளை வெளியாருக்குந் திறந்துவிட்டது. அங்கே சென்று வகுப்பில் இராமலே, பரீட்சையிற் தேறியவர் பட்டம் பெறலாமென்றாயிற்று. இலங்கைக்கென ஒரு சர்வகலாசாலை 1942இல் தோன்றும் வரையிலும், அதன் பின்னரும், யாழ்ப்பாணத்து ஆசிரியர் பலர் இவ்வழியாற் பட்டதாரிகளாயினர். பகலில் வகுப்பெடுத்து, இரவில் விளக்கின் முன்னிருந்து, கப்பலில் வந்த பாடக் குறிப்புகளைப் படித்த அந்தத் தலைமுறையைப் பற்றி எம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆயினும், கலைப் பட்டத்துக்குப் புத்தகமும் விளக்கும் போதும்; பொறியியலுக்கு ஆய்வுகூடம் வேண்டும். இலங்கைச் சர்வகலாசாலையின் பொறியியற் பீடம் 1950இல் கொழும்பிலே தொடங்கி, 1964இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. அங்கே இடம்பெறச் சில புள்ளிகள் குறைந்தவர், டிப்ளோமா ஒன்றைப் பெற்று உத்தியோகத்திற் சேர்ந்தால், பொறியியற் பட்டத்தின் கதவு அவர்க்கு ஏறக்குறைய மூடியதாகவே இருந்தது. பிரித்தானியாவில் 1969இல் அரச பட்டயம் பெற்ற திறந்த பல்கலைக்கழகம் 1971இல் மாணவரைச் சேர்த்துப் புதுவழி காட்டியது. எம் நாட்டிலும் 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நாவலையைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. தொழில் பார்த்துக்கொண்டே பொறியியற் பட்டம் பெறும் வாய்ப்பு அதன் மூலம் எம்மவர்க்கும் கிடைத்தது.

எம் துணைவியார் அரச திணைக்களம் ஒன்றிலே தொழினுட்ப உத்தியோகத்தர். மதகுக்கும் வடிகாலுக்கும் படம் வரைவது அவர் வேலை. ஒருநாள் மாலை, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, “வரைகிறது நான், ஒப்பம் வைக்கிறது வேறை ஆள். பிழையென்றால் மட்டும் அது என்ரை படம்” என்றார். அதைச் சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பின் பொருளை நாம் அன்று கவனிக்கவில்லை. சில நாளில் விண்ணப்பப் பத்திரத்துடன் வந்து நின்றார். அது 2017ஆம் ஆண்டு. அவருக்கு அப்போது வயது முப்பத்தேழு. எம் மகளுக்கு ஐந்து.

முதல் மூன்றாண்டும் பெருந் தொல்லையின்றிக் கழிந்தன. பாட நூல்கள் கட்டாக வந்தன. விடுமுறை நாளில் வகுப்புகளுக்குச் சென்றார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஒன்றரை மணி நேரம் படித்துவிட்டே அடுப்பை மூட்டுவார். ஒருநாள், தொகையீட்டுக் கணக்கொன்றைக் கொண்டுவந்து எம்மிடம் ஐயங் கேட்டார். கூரையைத் தாங்கும் வளையொன்றின்மீது ஏறிய பாரத்திலிருந்து தொடங்கி, நான்கு முறை தொகையிட்டால், அவ்வளை எவ்வளவு தொய்யும் என்பது கிடைத்துவிடுகிறது! இத்தனை ஆண்டும் தொகையீட்டைக் கற்பித்த எமக்கு, எம் தலைக்கு மேலிருக்கும் வளைக்கும் அதற்கும் உள்ள உறவை அன்று அவரே கற்பித்தார்.

கொரோனா நோய் பரவிய 2020ஆம் ஆண்டில் வகுப்புகள் இணையவழியாயின. பிரயாணம் ஒழிந்தது, நன்மையென்றே நாமும் எண்ணினோம். அரிசிப் பேணியின்மீது கைத்தொலைபேசியைச் சாத்தி வைத்துவிட்டு, ஒரு காதில் விரிவுரையும் மறு காதில் மகளின் வாய்ப்பாடுமாக அவர் மாலை தோறும் அமர்ந்திருப்பார். சர்வகலாசாலை வீட்டுக்கு வந்துவிட்டதென்று அயலாரிடம் பெருமை பேசினோம். வீட்டுக்கு வந்த விருந்தாளியை உபசரிக்க யாரேனும் எழவேண்டும் என்பதை மட்டும் மறந்திருந்தோம்.

பின்னர் வந்தது 2022. எரிவாயு இல்லை, எரிபொருளுக்கு நெடுவரிசை. மார்ச்சு மாத இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரமாயிற்று. பகல் முழுதும் உத்தியோகம், மாலையில் விறகடுப்பு, அதன்மேற் படிப்பு. ஓர் ஒப்படையை நள்ளிரவுக்கு முன் அனுப்பவேண்டியிருந்தது. வீட்டில் மின்சாரமில்லை, தொலைபேசியில் உயிரில்லை. மின்சாரம் மீண்டபோது நேரங் கடந்துவிட்டது. தொடர்மதிப்பீட்டிற் போதிய புள்ளி பெற்றவரே இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். அந்த ஒரு பாடம் ஓராண்டு பின்தள்ளப்பட்டது.

அவ்விரவிலே நாம் சொன்ன சொல்லை இங்கே எழுதக் கை கூசுகிறது. “உமக்கு இந்த வயதிலே பட்டம் எதற்கு? அடுப்படியிலிருந்து பொறியியல் படித்ததை ஆர் ஒப்புக்கொள்ளப் போகினம்? இந்தியாவிலே உச்ச நீதிமன்றமே இதைத் தள்ளிவிட்டது” என்றோம்.

நாம் சுட்டியது 2017 நவம்பரில் வந்த தீர்ப்பு. உரிய அனுமதியின்றித் தொலைக்கல்வி வழியே பொறியியல் கற்பித்த நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வழக்கு அது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்களை நீதிமன்றம் இடைநிறுத்தி, தேர்வு எழுதித் தேறினால் மீட்கலாமென்றது. பின்னர் சேர்ந்தோரின் பட்டங்களை அடியோடு செல்லாதவையாக்கியது. எம் துணைவியார் படித்ததோ சட்டப்படி அமைந்த அரச பல்கலைக்கழகத்தில். ஆய்வுகூடப் பயிற்சியும் அங்கே கட்டாயம். இரண்டும் ஒன்றல்ல என்பது எமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னோம். படித்தவன் வாயிலிருந்து வரும் கொடுஞ்சொல்லுக்கு ஆதாரமும் சேர்ந்தே வருகிறது. அதனாலேதான் அது கூடுதலாக வலிக்கிறது.

அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலை வழமைபோற் பிட்டவித்து, மகளைப் பள்ளிக்கு விட்டு, வேலைக்குச் சென்றார். மாலையில் நாம் வீடு திரும்பியபோது, அவருடைய நூல்கள் தும்புக் கயிற்றாற் கட்டப்பட்டுப் பரணிலே கிடந்தன. இரண்டு மாதம் அக்கட்டு அவிழவில்லை. வீட்டிலே சண்டையுமில்லை, பேச்சும் அதிகமில்லை.

ஒருநாள் இரவு மின்சாரம் நின்றபோது, எம் அன்னையார் பரணில் எதையோ தேடுவித்து, பழைய ஜாம் போத்தல் விளக்கொன்றை எடுத்துவரச் செய்தார். இக்காலத்துப் பிள்ளைகள் அதனை அறியார். 1990இல் எம் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. போத்தலின் அடியிற் பஞ்சு, அதன்மேற் சிறிது எண்ணெய், நடுவிலே ஒரு திரி. கண்ணாடிப் போத்தலே காற்றுக்குக் காவல். அவ்விளக்கின் ஒளியிலேதான் 1994இல் நாம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தோம்.

“தம்பி, இது ஞாபகம் இருக்கோ? நீ சோதினைக்குப் படிக்கேக்கை இதுக்கு எண்ணெய் விட்டது ஆர்?” என்றார் அன்னையார்.

“நீங்கள்தான், அம்மா.”

“அப்ப, அவளுக்கு ஆர் விடுகிறது?”

அதற்குமேல் அவர் ஒன்றுங் கூறவில்லை. அந்நாளில் குசினியை இருளிலே விட்டுவிட்டு, இருந்த எண்ணெயையெல்லாம் எம் விளக்குக்கே அவர் ஊற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் இருட்டிலே சமைத்ததாற்றான் நாம் வெளிச்சத்திலே படித்தோம். நாம் பெற்ற பட்டத்திலே அவர் பெயர் எங்கும் இல்லை.

நூற்கட்டை நாமே இறக்கி, கயிற்றை அவிழ்த்து மேசையில் அடுக்கினோம். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எம்மவரிடம் குறைவு. அதற்கு மாறாக, மாலைச் சமையல் இனி எம் பொறுப்பென்றோம். முதல் வாரத்துப் பிட்டு கட்டிபட்டுப் போயிற்று. எம் மகள் அதை உடைக்கச் சுத்தியல் வேண்டுமென்றாள். துணைவியார் சிரித்தார். இரண்டு மாதத்தின் பின் அவ்வீட்டிற் கேட்ட முதற் சிரிப்பு அது.

அடுத்த ஆண்டு மண் பொறியியலுக்கான ஆய்வுகூடப் பயிற்சி வந்தது. மண்ணுக்கு நெகிழ்ச்சி எவ்வளவு என்றறியும் சோதனை ஒன்றுண்டு. ஈர மண்ணைக் கண்ணாடித் தட்டின்மீது உள்ளங்கையால் உருட்டி, மூன்று மில்லிமீற்றர் தடிப்பான நூலாக்க வேண்டும். அந்த அளவில் அது வெடித்து உதிருமாயின், அப்போது மண்ணிலுள்ள நீரின் அளவே நெகிழ்வெல்லை. நூலில் இது நான்கு வரி. திரையிலே பார்த்தால் இரண்டு நிமிடம். துணைவியாரோ முன்னதாகவே பழக வேண்டுமென்று, உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணை ஒரு பையிற் கொண்டுவந்து, அடுப்படியில் இருந்து உருட்டத் தொடங்கினார். “என்ன பிள்ளை, கொழுக்கட்டையோ?” என்று கேட்ட அன்னையாரும் சிறிது நேரத்தில் அருகிலமர்ந்து உருட்டினார். “தண்ணி கூடிப்போச்சு. இன்னும் கொஞ்சம் பிசை” என்று அவர் சொன்னது, பொறியியல் நூல் சொல்வதற்குச் சற்றும் மாறுபட்டதன்று. ஐம்பது ஆண்டு மாப்பிசைந்த கைக்கு அந்த எல்லை முன்னரே தெரிந்திருந்தது.

பின்னர் நானூறு கிலோமீற்றர் இரவுப் பேருந்திற் சென்று, நாவலையிலே அச்சோதனையைச் செய்து திரும்பினார். எஞ்சிய பாடங்களை 2024இல் முடித்தார். பட்டம் கிடைத்தது. உத்தியோகத்தில் அவர் நிலை இன்னும் உயரவில்லை, விண்ணப்பம் போயிருக்கிறது. இப்பொழுதும் அவர் வரையும் படத்தில் வேறொருவரே ஒப்பமிடுகிறார். ஆனால் அவர் இப்போது அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை, “எப்ப மாறும்?” என்று நேரே கேட்கிறார்.

தொழில் பார்த்துக்கொண்டே படிக்க விரும்பும் இளைஞர்க்கு எம் அனுபவத்தால் ஒன்றிரண்டு சொல்வோம். இணையவழிக் கல்வி இன்று உலகெங்கும் பரந்துவிட்டது. அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்பக் கழகம் 2014 முதல் கணினித்துறை முதுமாணிப் பட்டத்தை முழுவதும் இணையவழியிலேயே கற்பித்து வழங்குகிறது. கணினி படிப்பவருக்குக் கருவியும் கணினியே. ஆகவே அது பொருந்தும். மண்ணையும் இரும்பையும் கொங்கிறீற்றையும் கையாளும் துறையோ வேறு. சேருமுன், அங்கீகாரம் யாருடையது, ஆய்வுகூடம் எங்கே, எத்தனை நாள் விடுமுறை வேண்டும் என்பவற்றைக் கேட்டறிக.

வீட்டாருக்குச் சொல்வது ஒன்றே. இணையம் மிச்சப்படுத்துவது பாதைத் தூரத்தை மட்டுமே. படிப்பதற்கான நேரத்தை அது தருவதில்லை. அந்நேரம் வீட்டிலுள்ள ஒருவரின் கையிலிருந்தே வரவேண்டும். எவர் கையிலிருந்து என்பதை விண்ணப்பம் நிரப்பும் நாளிலேயே ஒன்றாயிருந்து பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நாம் ஐந்து ஆண்டு பிந்தியே பேசினோம்.

அந்த ஜாம் போத்தல் விளக்கு இப்போது பரணில் இல்லை. எம் மகளின் படிப்பு மேசையில் இருக்கிறது. அது என்ன என்று கேட்போருக்கு, “அப்பம்மாவின்ரை விளக்கு” என்று அவள் சொல்கிறாள். அது எம்முடையதென்றே இத்தனை காலமும் நாம் எண்ணியிருந்தோம்.